கயல்விழியின் ஈஸ்ட் வேலை

வாலிநோக்கம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தது. கயல்விழி ஆராய்ச்சியில் சேர்ந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. நாட்டுப்படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன. பதநீரும் குறைந்துகொண்டு வருகிறது.

"ஈஸ்டுக்கு எதற்கு விஷம் வைக்கிறார்கள், பிள்ளைக்கு ஆகாதே" என்று எழுதியிருந்தாய். ஒரு மரபணுவைக் கெடுத்துப் பார்த்தால்தான் அதன் வேலை என்னவென்று தெரியும், விஷம் அதற்குத்தான். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையான ஈஸ்ட் நமக்குப் புதுசில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பதநீரைப் பொங்கவைத்துக் கள்ளாக்குவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. கயல் பயன்படுத்தும் ஈ.எம்.எஸ். என்ற ரசாயனம், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் மேல் எத்தில் என்ற சிறு அணுத்தொகுதியை ஒட்டிவிடும். சைட்டோசின், தைமின், அடினின் மற்ற மூன்று எழுத்துகள். குவானின் எப்போதும் சைட்டோசினோடு ஜோடி சேரும். எத்தில் ஒட்டியதோ பல சமயம் தைமினோடு சேர்ந்துவிடும். பழுது பார்க்கும் புரதங்கள் முந்திக்கொண்டால் தப்பிக்கும். அதற்குள் செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுத்துவிட்டால், அடுத்தடுத்த நகலில் குவானின் இருந்த இடத்தில் அடினின் உட்கார்ந்துவிடும். அப்புறம் அது பரம்பரைச் சொத்துதான். ரசாயனம் கறையை மட்டும் வைக்கிறது, மாற்றத்தை நிலைநிறுத்துவது செல்லே. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

எந்த மரபணுவை மாற்ற வேண்டும் என்று மருந்துக்குத் தெரியுமா என்றும் கேட்டாய். தெரியாது. ஈஸ்டில் சுமார் 6,000 மரபணுக்கள், அடி எங்கே வேண்டுமானாலும் விழும். வேண்டியதைத் தேடிப் பிடிப்பதுதான் கயலின் உழைப்பு. அடினின் தயாரிக்கும் வழியில் ஏ.டி.இ.2 என்ற மரபணு கெட்டால் வெள்ளையாக வளரவேண்டிய ஈஸ்ட் சிவந்துவிடும், கண்ணாலேயே பிடிக்கலாம். மற்றவை அவ்வளவு சுலபமில்லை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, இதே ஈ.எம்.எஸ். வைத்த ஆயிரக்கணக்கான ஈஸ்டுகளைப் பட்டினி போட்டுப் பார்த்துத்தான், செல் தன்னையே தின்று பிழைக்கும் வித்தைக்கான மரபணுக்களைக் கண்டார். 2016இல் நோபல் பரிசு. ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதியாக இருக்கும் ஈஸ்டை எடுத்துக்கொண்டால் கெட்டது உடனே வெளியே தெரியும். நமக்கு இரண்டு பிரதி, ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் மறைத்துவிடும்.

உன் பயம் நியாயமானது, மறுக்கமாட்டேன். ஈஸ்டுக்குச் செய்வதை ஈ.எம்.எஸ். நம் டி.என்.ஏ.வுக்கும் செய்யும், புற்றுநோய்க்கும் வழிவிடும். 1940களில் எடின்பரோவில் ஷார்லட் அவுவர்பாக் பழ ஈக்களை வைத்து, போரில் பயன்பட்ட கடுகு வாயு என்ற நச்சு மரபணுக்களை மாற்றுகிறது என்று காட்டினார். அந்த வேலையில் அவர் கைகள் வெந்து புண்ணாயின. இப்போது கையுறை உண்டு, காற்றை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டி உண்டு. சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்தால் ஈ.எம்.எஸ். வீரியமிழந்துவிடும்.

அடுத்து பேசும்போது கயலிடம் இரண்டே கேள்வி கேள்: கையுறையை அடிக்கடி மாற்றுகிறாளா, மருந்து பட்ட குழாய்களையும் பிப்பெட் முனைகளையும் தயோசல்ஃபேட்டில் ஊறப்போட்ட பிறகுதான் குப்பைக்கு அனுப்புகிறாளா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நீ நிம்மதியாகத் தூங்கலாம். லீவுக்கு அவளையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
ராமு