தரைப்பலகைகளைத் தூக்கியபோது

ஸ்டாம்ஃபோர்டு,
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று மாதம் மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இரு. துணி காயப்போட வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

"ஒரு ஹீட்டரை மாற்ற ஒரு வருஷமாடி?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம் நானும் இதையேதான் கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இப்போது இல்லை. அது எப்படிப் போயிற்று என்று உன்னிடம் சொல்லவேண்டும்.

இங்கே பழைய கட்டடங்களை அரசாங்கம் பட்டியல் போட்டுக் காக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 4,00,000 பதிவுகள். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் எங்கள் வீட்டைப் போல இரண்டாம் கிரேடு, பட்டியலில் கடைசித் தரம். எங்கள் ஊரே சுண்ணாம்புக்கல் ஊர். நாட்டிலேயே முதன்முதலாக, 1967-இல், பழமை மாறாமல் காக்கவேண்டிய பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது இதைத்தான். கூரையில் இருப்பது காலிவெஸ்டன் ஓடு. கல்லைத் தோண்டியெடுத்து, நனைத்து, பனியில் போட்டுவிடுவார்களாம். உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து கல்லை ஏடு ஏடாகப் பிளந்துவிடும். குளிர்காலமே செய்து கொடுத்த ஓடு! மழை பெய்யும்போது அண்ணாந்து பார்த்தால் இன்றும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

வெளிப்புறத்தைத்தான் தொடக்கூடாது என்று நினைத்து வாங்கினோம். உள்ளே இருக்கும் படிக்கட்டு, காரைப்பூச்சு, தரைப்பலகை எல்லாமே அந்தப் பட்டியலுக்குள் அடக்கம். வீட்டின் தன்மையை மாற்றுகிற வேலையைக் கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) சம்மதம் இல்லாமல் செய்தால் 1990-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம்.

தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியாக அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பழைய காஸ் பாய்லர் ஒரு டிசம்பர் காலையில் நின்றுவிட்டது. அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றை வைத்திருந்தால் பெரும்பாலும் சம்மதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் குழாய்களும் போய்விட்டிருந்தன. 1970-களில் இங்கே சுண்டுவிரல் கனத்துக்குச் செம்புக் குழாய் போடுவது வழக்கமாக இருந்தது, எட்டு பத்து மில்லிமீட்டர்தான். ரேடியேட்டர் இரும்பு உள்ளே அரித்து, கறுப்புச் சேறாகி, அந்தக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதை ஹீட் பம்ப்பாகவே மாற்றிவிடலாம் என்றார் இவர். வெளியில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் அது. அரசு மானியம் 7,500 பவுண்டு, வேலை செய்பவரே பில்லில் கழித்துக்கொள்வார்.

இதில் ஒரு சிக்கல். பழைய பாய்லர் எழுபது டிகிரியில் தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்ப் நாற்பத்தைந்து, ஐம்பது டிகிரியில்தான் சிக்கனமாக ஓடும். சூடு குறைந்த தண்ணீர் அதே கதகதப்பைத் தரவேண்டுமானால் நிறையத் தண்ணீர் ஓடவேண்டும். அப்படியானால் குழாய் பருமனாக வேண்டும், ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். அவ்வளவு பெரிய குழாயை இந்த வீட்டில் எந்த வழியாகக் கொண்டுபோவது?

அதைப் பார்க்கத்தான் மாடி அறையில் நான்கு பலகைகளைத் தூக்கினார்கள். நானும் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. தரையைத் தாங்கும் ஓக் உத்தரங்கள் ஒவ்வொன்றிலும், அறையின் நட்டநடுவில், குழாய் போவதற்காகச் சதுரமாக வெட்டியிருந்தார்கள். பத்து அங்குல உயரத்தில் மூன்று அங்குலம் போய்விட்டது. வெட்டவே வேண்டியிருந்தால் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது, அதையும் சுவர்ப் பக்கமாக வெட்டவேண்டும் என்பது இங்கே விதி. பத்தை ஏழாக்கினால் அந்த இடத்தில் மரத்தின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அறை நடுவில் இருந்த பள்ளம் வீட்டின் வயதால் வந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இருநூறு வருஷத்துக்கு மேலாக நின்ற மரத்தை யாரோ ஒரு நாளில் ரம்பத்தால் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்தது. என் கோபம் போனது அந்த நிமிஷத்தில்தான். கவுன்சில்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

கவுன்சிலிலிருந்து வந்த, பழைய கட்டடங்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண், நம் மகள்கள் வயதுதான் இருக்கும். இரண்டு மணி நேரம் வீடு முழுக்கத் தவழாத குறை. குழாய்கள் உத்தரங்களுக்கு இணையாக இடைவெளியிலேயே போகட்டும், மேலே ஏறுவதற்குப் புழங்காத புகைபோக்கி இருக்கிறது, குறுக்கே போகவேண்டிய இடங்களில் சுவரோரமாக வெளியில் தெரியட்டும் என்றார். தெரிந்தால் என்ன? நாளைக்கு யாரும் கழற்றிவிடலாம், மரத்துக்குச் சேதமில்லை. சுவரில் துளை ஒன்றே ஒன்று, அதுவும் கல்லில் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்தில். அதைச் சுண்ணாம்பால்தான் அடைக்கவேண்டும். சிமெண்ட் வைத்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரித்துவிடும். தூக்கிய பலகைகளுக்கு நம்பர் எழுதி, போட்டோ எடுத்து, அதே இடத்தில் வைக்கவேண்டும். வெட்டுப்பட்ட உத்தரங்களுக்குப் பக்கத்தில் புது ஓக் சேர்த்துப் பூட்டினார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. முடிவு சொல்ல எட்டு வாரம் என்பது கணக்கு. நாங்கள் வரைபடத்தைத் திருத்தித் திருத்திக் கொடுத்ததில் ஐந்து மாதமாயிற்று.

செலவு குறைந்ததா என்று இவர் தம்பி கேட்டார். குறையவில்லை. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் பம்ப் மூன்று யூனிட் சூடு தருகிறது, ஆனால் இங்கே மின்சாரம் காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. நான் வருத்தப்படவில்லை. முன்பு காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் என்று பாய்லர் கொதிக்கும். முகம் சுடும், முதுகு நடுங்கும். இப்போது நாள் முழுக்க மெதுவாக ஓடுகிறது. இரண்டடிக் கல்சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. பீரோவுக்குப் பின்னால் வருஷா வருஷம் பூக்கும் கறுப்புப் பூஞ்சை இந்தத் தடவை வரவில்லை. வார்ப்பிரும்பு ரேடியேட்டர் மூன்றையும் அலசி மறுபடி வைத்தாயிற்று. ஒன்றின் மேல் இப்போது இட்லி மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது, ஜனவரியில்கூடப் பொங்கியது!

இவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் ஏப்ரலில் வருகிறாள். உனக்குக் கீழறையையே ஒதுக்கி வைத்திருக்கிறேன், படி ஏறவே வேண்டாம். டாக்டர் பிரயாணம் போகலாம் என்று சொன்ன அன்றைக்கே எழுது. வரும்போது நம்மூர் நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் கொண்டுவா.

உன் பழைய அறைத்தோழி