செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: வலசைப் பறவைகளும் ஏரி ஓரத்துச் சேறும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் பறவை பார்ப்போர் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராகப் பறவைகளுக்கு வந்துவிடுகிறேன்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பனி இறங்கும் முன்பே குளிர்காலப் பறவைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. முதலில் வருவது சாம்பல் வாலாட்டி. ஆவணி முடிவதற்குள் மேலகிரி மலையோரத்து ஓடைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். புரட்டாசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள், வேலியோரத்தில் பழுப்புக் கீச்சான். புதிய உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம்: அணைக்கரைப் பாறைகளில் வருடம் முழுவதும் பார்க்கிறோமே, கருப்புத் தலையில் வெள்ளைப் புருவம் தீட்டிய பெரிய வாலாட்டி, அது உள்ளூர்ப் பறவை. வலசை வரும் வெள்ளை வாலாட்டிக்கு முகமே வெளுப்பாக இருக்கும். பட்டியல் எழுதும்போது இரண்டையும் சேர்த்துவிட வேண்டாம்.

ஐப்பசி முதல் வாரத்தில் ராயக்கோட்டைச் சாலைப் பக்கம் உள்ள நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஆறுமணிக்குருவி ஒன்று மோதி விழுந்தது. வடக்கேயிருந்து இரவெல்லாம் பறந்து வந்து, விடியற்காலையில் களைப்போடு ஊருக்குள் இறங்கும் பறவை அது. அந்த அம்மா பதறாமல், காற்றுக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, குருவியை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தார். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. பின்பக்கத்துப் புதரருகே திறந்துவிட்டார். முதுகில் பச்சை, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு என்று கண்முன்னே பறந்துபோனதை அவர் சொல்லக் கேட்க வேண்டும். இதே பறவையை வரவழைக்கச் சிலர் செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். களைத்து வந்த உயிரை அலைக்கழிக்கும் செயல் இது. நம் உறுப்பினர்கள் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் பெய்ததும், சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதும் யாருக்கும் மறக்காது. அந்த நாட்களில் பறவை பார்க்கப் போவதை நிறுத்திவிட்டோம். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் போர்வையும் அரிசியும் கொண்டு சேர்த்த இளைஞர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

மழைக்குப் பிறகு பல ஏரிகள் நிரம்பிக் கோடி போயின, அதாவது மிகுதி நீர் வழிந்தோடியது. விவசாயிக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் தொலைநோக்கியோடு கரையில் நின்றவர்களுக்கு ஏமாற்றம். தண்ணீர் கரைவரை தளும்பி நிற்க, நடுவில் நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் மட்டும். "இந்த வருஷம் பறவையே வரலையா சார்?" என்று பலர் கேட்டார்கள். வந்தன, நம் ஏரியில் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. கொசு உள்ளானின் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஈரச் சேற்றிலும் மேலாக ஓடும் தண்ணீரிலும்தான் அது இரை பொறுக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையைக் கவிழ்த்து, கழுத்து எட்டும் ஆழம்வரை மேய்பவை. அவை முக்குளிப்பானைப் போல மூழ்கித் தேடுவதில்லை.

தை பாதியில் தண்ணீர் பின்வாங்கி, ஓரத்தில் சேறு தெரிந்ததும் நிலைமை மாறியது. முதலில் நெடுங்கால் உள்ளான்கள் வந்தன. அப்புறம் பொரி உள்ளான், பச்சைக்காலி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு பட்டாணி உப்புக்கொத்தி. மாசியில் ஒரு காலை கொசு உள்ளான் கூட்டம் சேற்றைத் தையல் மெஷின் ஊசி போலக் குத்திக்கொண்டே நகர்ந்தது. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரவும் மொத்தக் கூட்டமும் எழுந்து திரும்பி, வயிற்று வெள்ளை ஒரே நேரத்தில் மின்னியது. வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் கத்தியே விட்டார்கள்.

2015 முதல் தமிழ்நாடெங்கும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இம்முறையும் கலந்துகொண்டோம். பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் இருந்து, பார்த்த, கேட்ட பறவைகளை எல்லாம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பூத்திருந்த மாந்தோப்புகள் நல்ல பலன் தந்தன. பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பச்சைக் கதிர்க்குருவி வரும். பறவை பார்க்க அணைக்கட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை என்பதைத் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் காட்டிவிட்டார்கள். வலசைப் பறவை இல்லையென்றாலும் மஞ்சள்தொண்டைச் சின்னானையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவை. நம் குன்றுகளைக் கிரானைட்டுக்காக வெட்டும்போது அதன் வீடும் போகிறது. அதற்குத் தனி அறிக்கை தயாராகிறது.

இனி முக்கியமான விஷயம். ஏரிகளில் வண்டல் எடுக்கும் வேலை நடக்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. வயலுக்கு வண்டல் வேண்டும், ஏரிக்கு ஆழம் வேண்டும். ஆனால் ஜேசிபி வைத்துக் கரையிலிருந்தே செங்குத்தாகத் தோண்டிவிட்டால், தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் சேற்று ஓரம் உருவாகாது. ஆடுமாடு இறங்கினால்கூட ஆபத்து. நடைபாதைக்காகச் சுற்றிலும் கல் பதித்துச் சுவர் எழுப்பிய ஏரியிலும் இதே கதைதான். முன்பு உள்ளான்கள் மேய்ந்த ஓரத்தில் இன்று கொக்கு நிற்கக்கூட இடமில்லை. ஆகவே நடுவில் ஆழப்படுத்தட்டும், தண்ணீர் வந்து சேரும் பக்கத்தை மட்டும் சரிவாக, தோண்டாமல் விடட்டும். கோரையும் புல்லும் அங்கேதான் முளைக்கும். குளத்துக் கோழி ஒதுங்குவதும் அங்கேதான்.

இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியரிடமும் ஏரிப் பாசன விவசாயிகளிடமும் ஒரே நேரத்தில் கொடுக்கச் செயற்குழு விரும்புகிறது. விவசாயிகள் நம்முடன் நிற்காமல் இது நடக்காது. ஊர்க் கூட்டத்துக்கு நம்மில் இருவராவது நேரில் போக வேண்டும். பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத்து உறுப்பினர்கள் பெயர் கொடுத்தால் நல்லது. தீர்மான நகல் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லி, சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.