‘போன்ற’ படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரம் உங்கள் நாளிதழோடு ‘என்ன படிக்கலாம்?’ என்று ஓர் இணைப்பு கொடுத்தீர்கள். அதில் வந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். “நடனம் போன்ற படிப்புகளை வேலைவாய்ப்பை எதிர்பார்க்காமல், ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் தேர்வு செய்யலாம்.” பொறியியலுக்குப் பக்கம் பக்கமாக எழுதிய இணைப்பில் எங்கள் படிப்புக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி. அதிலும் ‘போன்ற’.

அந்த இணைப்பை நான் கடையில் வாங்கிப் படிக்கவில்லை. என்னிடம் ஒன்பது வருடமாக பரதம் கற்கும் ஒரு பெண்ணின் அப்பா அதை நாலாக மடித்துக் கொண்டுவந்தார். கடலூர் முதுநகரில் டீக்கடை வைத்திருப்பவர். அந்த வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். “நீங்களே பாருங்க மிஸ், பேப்பர்லயே போட்டுட்டாங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். அந்தப் பெண் சலங்கையை அவிழ்த்துக்கொண்டு தலை குனிந்தபடியே இருந்தாள். போன மாதம்தான் அவள் முதல்முறையாக கச்சேரியிலேயே நீளமான உருப்படியான வர்ணத்தை முழுதாக, எங்கும் நிற்காமல் ஆடி முடித்தாள்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பரதநாட்டியம் படித்தவள். இந்தப் பட்டத்துக்கு என்ன படிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் அடவு என்னும் அடிப்படை அசைவுப் பயிற்சி, அப்புறம் வாய்ப்பாட்டு, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம். தாளத்தின் ஐந்து ஜாதிகளிலும் கைத்தாளம் போட்டபடி சொற்கட்டு என்னும் தாளச் சொற்களைச் சொல்ல வேண்டும், பிசகினால் முதலிலிருந்து. சமஸ்கிருத சுலோகங்களும் உண்டு, சிலப்பதிகார அரங்கேற்று காதையும் உண்டு. விடுமுறை நாட்களில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போய், கோபுர வாயில்களில் செதுக்கியிருக்கும் கரணங்கள் என்னும் 108 நடன நிலைகளைக் கழுத்து வலிக்கப் பார்த்துக் குறிப்பெடுப்போம். இதை ‘ஆர்வம் உள்ளவர்கள் மட்டும்’ என்று ஒதுக்கினால் எனக்கு வலிக்கிறது. ஆர்வம் இல்லாமல் டாக்டருக்குப் படிக்கலாமா? அங்கே மட்டும் ஏன் இந்த வார்த்தை வருவதில்லை?

வேலை கொட்டிக் கிடக்கிறது என்று பொய் எழுதச் சொல்லவில்லை. கஷ்டத்தை என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கணக்கு ஆசிரியைக்கு 12 மாதச் சம்பளம், எனக்கு 10 மாதம். ஏப்ரல், மே வாடகைக்கு ஒவ்வொரு வருடமும் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போய்வரும். ஆண்டு விழா நெருங்கும்போது மட்டும் எல்லோரும் என்னைத் தேடுவார்கள். விழா அன்று மேடையில் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தும்போது, நான் பின்னால் ஏதாவது ஒரு குழந்தைக்கு ஜடையில் குஞ்சலம் கட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த நாள் உங்கள் நாளிதழிலும் விருந்தினர் பெயர், தாளாளர் பெயர் எல்லாம் இருக்கும். நடனத்தை அமைத்தவர் பெயர் ஒரு வருடம்கூட வந்ததில்லை.

பள்ளியை விட்டு, சொந்தமாக வகுப்பு தொடங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். தையல் இயந்திரம் என்றால் தரலாம், டான்ஸ் கிளாஸுக்கு எதை வைத்துத் தருவது என்று அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரியில் ஓர் அமைப்பு விழாவில் ஆட அழைத்தது. போய்ப் பேசினால் ஆடுபவர்தான் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று நான்கு பேருக்குச் சம்பளமும் வண்டி வாடகையும் நான் கொடுத்து, மேடைக்கும் நானே பணம் கட்ட வேண்டுமாம். மாதவி அரங்கேறியபோது சோழ மன்னன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கொடுத்தான் என்று பாடத்தில் படித்த எனக்கு, அன்று பேருந்தில் திரும்பி வரும்போது அழுகை வந்துவிட்டது. பதினைந்து வருடம் சிமெண்டுத் தரையில் தட்டியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. அதற்கும் என் கைக்காசுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், இந்தப் படிப்புக்கு வழிகள் உண்டு. யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வில் நிகழ்த்து கலைகளின் கீழ் நடனத்துக்கும் தாள் இருக்கிறது. அதில் தேறிக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். அதிலேயே ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். மத்திய அரசின் கலாச்சாரத் துறை 18 முதல் 25 வயது வரையிலான கலைஞர்களுக்கு இரண்டு வருடம் மாதம் 5,000 ரூபாய் தருகிறது. இந்த உதவித்தொகை இருப்பதே எனக்கு 27 வயதில்தான் தெரிந்தது. அன்று உங்கள் இணைப்பில் நாலு வரி வந்திருந்தால் விண்ணப்பமாவது போட்டிருப்பேன். தூர்தர்ஷனில் தேர்வு கொடுத்து கிரேடு வாங்கலாம். வெளிநாடுகளில் இந்திய அரசு நடத்தும் கலாச்சார மையங்களுக்கும் நடன ஆசிரியர்களை அனுப்புகிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் பரதம் ஒரு பாடம்.

என்னோடு படித்தவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மேடை ஏறுவதை விட்டு நட்டுவாங்கத்தில் இறங்கினாள். சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி விழா சமயத்தில் அவளைப் பிடிப்பதே கஷ்டம். விழுப்புரத்தில் இருக்கும் தோழி நாட்டிய உடைகள் தைக்கிறாள். விசிறி மடிப்பு எந்த அசைவில் எவ்வளவு விரிய வேண்டும் என்பது ஆடிய கைக்குத்தானே தெரியும்? இன்னொருத்தி ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சிறப்புப் பள்ளியில் இருக்கிறாள். இப்படி நடன அசைவு வழியாகத் தரும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1966-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், பரதம் மட்டும் போதாது என்று அவளே சொல்வாள், பெங்களூருவில் தங்கிப் படித்துவிட்டுத்தான் வந்தாள். எனக்கு இப்போது பாதி வருமானம் பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகளால். அவர்களுக்கு மாலை 6 மணி என்றால் எனக்கு வெயில் காலத்தில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. கீழ் வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே என்று பாயை விரித்து அதன்மேல் நின்று சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கிறது. சிவராத்திரி என்றால் உங்கள் முதல் பக்கத்தில் நடனமணிகளின் வண்ணப்படம் தவறாமல் வருகிறது, அழகாகவும் இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவர்கள் மறுநாள் காலை எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பி ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் அந்த வரியை எழுத மனம் வந்திருக்காது. உங்கள் நாளிதழை என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருட இணைப்பில் நடனப் படிப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படித்தவர்களிடமே கேட்டு எழுதுங்கள், நல்லதும் கெட்டதும் சேர்த்தே போடுங்கள். அதுவரை, முடிந்தால் இந்தக் கடிதத்தை இந்த வாரமே வெளியிடுங்கள். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் நடனம் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்துக்கான விண்ணப்பத்தை அந்தப் பெண் நிரப்பியே வைத்திருக்கிறாள், அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் எவ்வளவு சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பரில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
பரதநாட்டிய ஆசிரியை ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.