இதயம் காக்கும் தாவரச் சாறுகள்: மருந்தியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எலியின் இதயத்தை ஒரு வேதிப்பொருளால் சேதப்படுத்தி, அச்சேதத்தைத் தாவரச் சாறு தடுக்கிறதா என்று பார்க்கும் கட்டுரைகள் உங்கள் இதழ்களில் தொடர்ந்து வெளிவருகின்றன. மருந்தியல் கற்பிக்கும் நான் அவற்றை அக்கறையோடு படித்து வருகிறேன். இதயத்தைச் சேதப்படுத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் பயன்படுத்தும் கட்டுரை எதையும் ஏற்கும் முன் ஒரு கேள்விக்கு விடை கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்: இதயத்தைக் காக்கும் சாறு புற்றுக்கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுகிறதா?

இதயத்தைத் தூண்டும் மருந்தான ஐசோபுரோட்டரினாலைக் கொண்டு சேதம் உண்டாக்கும் ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். சில வாரங்கள் சாறு கொடுத்துவிட்டு, பெரும்பாலும் கிலோவுக்கு 85 மில்லிகிராம் வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரு ஊசிகள் போடுகிறார்கள். மாரடைப்பு நோயாளியோ சேதம் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் வருகிறார். மேலும், இந்தச் சேதம் இதயத்துடிப்பை விரைவுபடுத்தும் பீட்டா ஏற்பிகள் அளவுமீறித் தூண்டப்படுவதால் விளைவது. ஆகவே அந்தத் தூண்டலை மட்டுப்படுத்தும் எந்தப் பொருளும் இதே முடிவைத் தரும். இதயத்துடிப்பையும் பதிவு செய்து, அந்த ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுத்த ஒரு குழுவோடும் ஒப்பிட்டால்தான் சாற்றின் தனிச்சிறப்பு புலப்படும்.

டாக்சோரூபிசினின் நிலை வேறு. அது புற்றுநோயாளிகளின் உயிர்காக்கும் மருந்து. உடலில் சேரும் மொத்த அளவு கூடக்கூட இதயச் செயலிழப்பின் அபாயமும் கூடுவதால், அதற்கு உச்சவரம்பு வைத்தே கொடுக்கிறார்கள். ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் தீரும் என்ற எண்ணம் புதிதன்று. 1977இல் வைட்டமின் ஈ எலிகளின் இதயத்தைக் காத்ததாக ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்து கட்டியைத் தாக்கும் திறன் குறைகிறதா என்பதையும் அதே ஆய்வு சோதித்திருந்தது. அத்தனை கவனத்தோடு செய்தும், மனிதர்களிடம் வைட்டமின் ஈ அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, இதயத்தசைச் செல்களில் உள்ள டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதியே சேதத்தின் முக்கிய வாயில் என்று எலிகளில் காட்டியது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் மலோன்டைஆல்டிஹைடு குறைந்தது, உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோன் கூடியது என்பதோடு நின்றுவிடும் கட்டுரை இந்த வாயிலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

டாக்சோரூபிசினிடமிருந்து இதயத்தைக் காப்பதில் பயன் நிறுவப்பட்ட டெக்ஸ்ராசாக்சேன் என்ற மருந்தின் வரலாறும் நினைவில் இருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்ச் சோதனை ஒன்றில் கட்டி சுருங்கும் விகிதம் குறைந்ததாகத் தெரிந்ததால் அதன் பயன்பாடு பல ஆண்டுகள் கட்டுப்படுத்தப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அந்த ஐயத்தைப் பெரிதும் தணித்தன. நன்கு வரையறுக்கப்பட்ட ஒரே மூலக்கூறுக்கே இவ்வளவு கேள்விகள் எழுந்தன என்றால், இலையா பட்டையா, எந்தக் கரைப்பான், எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து மாறும் கலவையைக் கட்டியற்ற எலியில் மட்டும் சோதித்துவிட்டு 'துணை மருந்தாகலாம்' என்று முடிப்பதை எப்படி ஏற்பது? அப்படியொரு வரியை நம்பி, மருத்துவரிடம் சொல்லாமலே சாறு குடிக்கும் நோயாளிகளை எண்ணித்தான் கவலைப்படுகிறேன்.

அளவும் அப்படித்தான். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது, உடற்பரப்பு வழிக் கணக்கில், 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் உலர்சாறு. இந்தக் கணக்கைக் கட்டுரையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஆய்வுகளை நிறுத்தச் சொல்லவில்லை. டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைத் தந்த தாவர உலகில் இன்னும் தேட வேண்டியவை ஏராளம். கட்டியுள்ள விலங்குகளிலோ, குறைந்தது புற்றுச் செல்களிலோ, சாற்றையும் டாக்சோரூபிசினையும் சேர்த்துக் கொடுத்த முடிவுகள் இல்லாத கட்டுரைகளை, அச்சோதனையைச் செய்து வரும்படி திருப்பி அனுப்புங்கள்.

பணிவுடன்,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்