காலை, மதியம், இரவு உண்டு; கிழமை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வு இணைப்பில் ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மருந்தோடு வரும் குறிப்புத் தாளை நம் மக்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, பார்த்தால் பாதிக் கோளாறு வராது என்று அதில் ஒரு வரி. மற்றபடி நல்ல கட்டுரைதான். அந்த ஒரு வரி மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

குறிப்புத் தாள் எங்கள் கைக்கு எப்போது வந்தது ஐயா? பத்து அட்டை உள்ள பெட்டிக்குள் ஒரே ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். பெட்டி கடையிலேயே பிரிபடும், தாளும் அங்கேயே குப்பைக்குப் போகும். நமக்கு வருவது கத்தரியால் வெட்டிய நாலு மாத்திரை. வெட்டுகிற வாக்கில் மருந்தின் பெயர் பாதி போய்விடும், காலாவதித் தேதி சில சமயம் முழுசாகவே போய்விடும். ஒருமுறை விடாப்பிடியாகக் கேட்டு ஒரு தாளை வாங்கி வந்தேன். நாற்பத்தொரு வருடம் சிவகாசி அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிடராகவும், ஈய எழுத்துப் போன பிறகு புரூஃப் பார்ப்பவனாகவும் இருந்தவன் நான். எழுத்தைப் பார்த்தாலே அதன் அளவு இத்தனை பாயிண்ட் என்று சொல்லிவிடுவேன். அது ஐந்து பாயிண்ட், மிஞ்சினால் ஐந்தரை. லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். முழுக்க ஆங்கிலம். முதல் வரியே, பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் உபயோகத்துக்கு மட்டும் என்று இருந்தது. உங்கள் டாக்டர் எங்களைப் படிக்கச் சொல்கிற தாள், இது உனக்கில்லை என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. அவர் எப்போதாவது பிரித்துப் பார்த்தாரா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

என் மனைவிக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. போன தை மாதம் பெரிய டாக்டர் ஒருவர் மெதோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதன் கெடுதலைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம். இரண்டுமே குட்டியாக மஞ்சள் மாத்திரை. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று டாக்டர் அறையில் இருந்தது நாலு நிமிடம், அதில் மூன்று நிமிடம் அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். கடைப் பையன் இரண்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, இரண்டு கவரிலும் 'இரவு' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துக் கொடுத்தான். கவரில் இருப்பதைத்தானே செய்வார்கள்? அவள் செய்தாள். இரண்டு மாதத்துக்குக் கொடுத்த எட்டு மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை எட்டு நாளில் முடித்தாள்.

ஆறாம் நாளே வாயெல்லாம் புண். அதே கடையில் போய்ச் சொன்னேன். சூடு சார், பி காம்ப்ளெக்ஸ் போடச் சொல்லுங்க என்று பத்து மாத்திரையும், தடவ ஒரு களிம்பும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். மெதோட்ரெக்ஸேட்டின் கெடுதலை முறிக்க லியூகோவோரின் என்று ஒரு ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். பிழைத்துவிட்டாள், அதற்கு அந்த டாக்டர்களுக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் அங்கே ஒரு சின்ன டாக்டர், பேரன் வயசு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படிச்சவங்கதானே தாத்தா, சீட்டைப் பார்க்கக் கூடாதா?" என்றார்.

பார்த்தேன் ஐயா. ஈய எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அதைத் தலைகீழாக வைத்துப் படித்தே சோறு தின்றவன் நான். எழுத்தாளர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய கையெழுத்தையெல்லாம் பிழையில்லாமல் கோத்திருக்கிறேன். அந்தச் சீட்டு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நெளிகோடு, அதன் பக்கத்தில் ஒரு சுழி. அந்த நெளிகோடுதான் 'வாரம் ஒருமுறை' என்று பிறகு சொன்னார்கள். மருந்துப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா.

படித்துவிட்டால் மட்டும் புரிந்துவிடுமா? என் மருமகள் பார்மசி படித்தவள், அவள் சொன்னது இது. 2006-ல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பியின் லேபிளைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை என்ற வரியை, எழுத்தறிவு குறைந்தவர்களிலேயே நூற்றுக்கு 71 பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு உண்டானதை எண்ணி எடுங்கள் என்றதும் சரியாக எடுத்தவர்கள் 35 பேர். எழுத்துக்கூட்டத் தெரிந்தது, எண்ணத்தான் வரவில்லை. அவர்கள் தாய்மொழியில் எழுதியிருந்ததற்கே இந்த கதி.

சாத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு மூச்சிரைப்பு. ஒரு கேப்சூலைக் கொடுத்து, ஒரு கருவிக்குள் வைத்துத் திருகி உள்ளிருக்கும் பொடியை வாயால் உறிஞ்ச வேண்டும் என்றிருக்கிறார்கள். அவள் இருபது நாள் அதை வெந்நீரில் விழுங்கியிருக்கிறாள். கேட்டால், "கேப்சூல்னா முழுங்கத்தானேடா?" என்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வேன்? பக்கத்து வீட்டு ரிடையர்டு தந்தி ஆபீஸ்காரர் மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று பார்த்துவிட்டு, நிலைமை கைமீறிவிட்டது, டாக்டர் மறைக்கிறார் என்று உயில் எழுத ஆரம்பித்துவிட்டார். வலி வந்தால் மட்டும் போடு என்பதற்கு அந்தச் சுருக்கம். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் எழுத்தை வயசானவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே, கவனித்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்காதே என்று அர்த்தம். அதற்கென்று மத்திய அரசு 2016-ல் பிரசாரம்கூட நடத்தியது. அச்சுக்காரன் புத்தியில் நான் அதைக் கலர் சரிபார்க்கும் பட்டை என்றே நினைத்திருந்தேன். அப்புறம் அந்தக் கியூஆர் கட்டம். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டு மருந்துகளில் கட்டாயம் இருக்க வேண்டுமாம். பேத்தியின் போனில் ஒன்றை ஸ்கேன் செய்து பார்த்தேன். தொழிற்சாலை விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி எல்லாம் வந்தது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வைக்க முடிந்த நாட்டில், மாத்திரைக் கவரில் ஒரு கிழமை போட இடமில்லை.

உங்கள் பத்திரிகையையும் விடுவதாக இல்லை. அந்த டாக்டர் கட்டுரைக்குக் கீழேயே மூட்டுவலி எண்ணெய் விளம்பரம், அரைப் பக்கம். ராசிபலன் பன்னிரண்டு பாயிண்டில் வருகிறது. வாசகர் கடிதத்தைப் போன வருடம் எட்டரைக்கு இறக்கிவிட்டீர்கள். பலனைப் படிக்கிறவர்களுக்குக் கண் மங்கல், கடிதம் படிக்கிறவர்களுக்குக் கழுகுக் கண் போலிருக்கிறது. பஸ் நிலையக் கழிப்பறை பற்றி நான் எழுதியதைப் பாதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் முற்றுப்புள்ளிகூட வைக்காமல் போட்டீர்கள். போகட்டும்.

கடைசியாக ஒன்று. இதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. 'காலை, மதியம், இரவு', அதன் கீழே 'சாப்பாட்டுக்கு முன், பின்' என்று அச்சடித்து வருகிற அந்தச் சின்ன மருந்துக் கவர், எங்கள் அச்சகத்தில் லட்சக்கணக்கில் ஓடியது. அச்சில் ஏற்றிய முதல் ஃபாரத்துக்கு எழுத்துக் கோத்தவன் நான்தான். மூன்று கட்டங்களும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும் என்று அரை நாள் மெனக்கெட்டேன். 'மதியம்' கட்டத்தில் இடிக்கிறது என்று ஒரு பாயிண்ட் குறைத்த ஞாபகம்கூட இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடுகிற மாத்திரை உலகத்தில் உண்டு என்று எனக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை, ஆர்டர் கொடுத்த கடைக்காரருக்கும் தோன்றவில்லை. அவள் தலைமாட்டில் கிடந்த கவர் எங்கள் அச்சகத்தில் ஓடியதா என்று திருப்பிப் பார்த்தேன். வேறு அச்சகம். ஆனால் அதே மூன்று கட்டம்.

பழைய அச்சகத்துக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரங்க கேட்டா போட்டுத் தர்றோம் அண்ணாச்சி என்றார்கள். கடையில் கேட்டேன். அச்சகத்தில் வருவதைத்தான் வாங்குகிறோம் என்றார்கள். அதனால் உங்களிடம் வருகிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கட்டத்துக்குக் கீழே ஏழு சின்னக் கட்டம் சேர்த்து, ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று போட்டு ஒரு மாதிரிக் கவர் நானே வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். செலவு ஒரு பைசாகூட ஏறாது, அளந்து பார்த்துவிட்டேன். நலவாழ்வு இணைப்பில் அதை அதே அளவில் போடுங்கள். மருந்துக்கடைக்காரர் நாலு பேர் கண்ணில் பட்டால் போதும். இடம் போதவில்லை என்றால் வழக்கம்போல என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கட்டத்தைச் சுருக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிடர் ஒருவர்,
சிவகாசி.