கடித்தால் என்ன செய்வது என்று ஒரு பலகை வையுங்கள்

ராமேஸ்வரம், தனுஷ்கோடி, மண்டபம் வட்டாரத்து உள்ளாட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். யாத்திரை வருகிறவர்களுக்குத் தங்க அறை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. தெருநாய் பற்றி உங்கள் மேசைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையவையாகத்தான் இருக்கும். வெளியூர்க்காரர் கடிபட்டாலும் சாயங்காலம் ரயிலேறிவிடுவார், மனு எங்கே கொடுப்பது? நாய் கடித்தால் என்ன செய்வது என்று ஒரு பலகை வைக்கக் கேட்டு, அவர்கள் சார்பில் இந்த மடல்.

விடியுமுன் அக்னி தீர்த்தத்துக்குப் போகிறவர்களுக்கு எந்தச் சந்தில் எந்த நாய் படுத்திருக்கும் என்று தெரியாது. குரைத்ததும் ஓடுகிறார்கள், ஓடினால் அது விடுமா? அப்படிக் கடிபட்ட ஆந்திரத்து அம்மா ஒருவர் ஈரப்புடவையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம். பக்கத்தில் நின்றவர் நல்ல மனசோடுதான் சுண்ணாம்பு தடவப் போனார். தடுத்து, குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தோம். மகனோ, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்கிறார்! அப்புறம் அடுத்த கவலை: ஊசி முடியும்வரை இங்கேயே தங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அன்றே முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். மீதியை அவரவர் ஊர் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம், சீட்டு மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால், கிருமியை உடனே எதிர்க்கக் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை. வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்பதையும் பலகையில் சேர்த்து எழுதுங்கள். பயப்பட்டால் பயப்படட்டும்.

நாய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு விதிப்படி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தாலே போதும். ஆனால் மீன் இறங்கும் இடங்களில் தலையும் குடலும் குவிந்து கிடக்கும்வரை நாய் அங்கேதான் வரும். தனுஷ்கோடியில் பொரித்த மீன் சாப்பிடுகிறவர்கள் முள்ளை மணலிலேயே போடுகிறார்கள். பகலில் இப்படித் தின்று பழகிய நாய்க்கு, கூட்டம் கலைந்த பிறகு பங்குனி ஆமை என்ற கடலாமை மணலில் முட்டையிட்ட குழி கிடைத்தால் சும்மா இருக்குமா? வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, சரி. அவர்கள் கண்ணில் படாத குழிகள்? மூடி போட்ட தொட்டியும் தினமும் வந்து அள்ளும் வண்டியும் பெரிய செலவா என்ன?

தொட்டிக்கு டெண்டர், கோப்பு என்று நாளாகும், தெரியும். பலகைக்கு அவ்வளவு வேண்டாம். ரயில் நிலையம், பேருந்து நிலையம், அக்னி தீர்த்தக் கரை, தனுஷ்கோடி அரிச்சல்முனை ஆகிய இடங்களில் ஆடி அமாவாசைக் கூட்டம் வருமுன் வைத்துவிடுங்கள். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் இருக்கட்டும். அரசு மருத்துவமனைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ராமேஸ்வரத்துக்காரன் ஒருவன்