அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சைக்கிள் பேச்சை எடுத்தால் மூன்றாவது நிமிஷமே நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும். ராத்திரி எடுத்துப் படித்துக்கொள்.

வேளச்சேரியிலிருந்து தரமணி ஆபீசுக்கு சைக்கிளில் போகப் போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு சந்தோஷம். ஷேர் ஆட்டோவில் ஒடுங்கிக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல். அப்பாவுக்குத்தான் பயம். "அந்த நூறடி ரோட்டில் பொம்பளைப் பிள்ளை சைக்கிளா?" என்கிறார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனுஷன் பேசுகிற பேச்சா இது, நீயே சொல்.

உங்கள் குடியிருப்பில் யாரோ வேலை மாறிப் போகிறார், கியர் சைக்கிளை நாலாயிரத்துக்குத் தருகிறார், பளபளவென்று இருக்கிறது என்றாய். அந்தப் பளபளப்பைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை உனக்கு மனப்பாடம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுதப் படிப்பதோடு சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்று முனைந்து நின்றதும், 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்ததும் நூறு தடவை சொல்லியாயிற்று. அதற்கு அடுத்த வருஷம் நடந்ததை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை.

வாடகை சைக்கிளுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்று, டவுனில் ஒருவரிடம் 450 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிதான். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்தாலும் எங்களில் நிறையப் பேர் பார் வண்டியைத்தான் கேட்டோம், முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாமே. பச்சைப் பெயிண்ட், புது ஸ்டிக்கர், கண்ணைப் பறித்தது. சைக்கிள் வேலை தெரிந்த உன் மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

நாலாவது மாசம், கேரியரில் அரை மூட்டை ரேஷன் அரிசியோடு சித்தன்னவாசல் விலக்கு தாண்டி வந்துகொண்டிருந்தேன். ஹாண்டில்பார் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஹாண்டில்பாருக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாய் சேருமிடம் பிளந்துவிட்டது. ரோட்டில் சிந்திய அரிசியை முந்தானையில் அள்ளிக்கொண்டு அழுதேன். என் முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறதே, கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்தது என்று சொல்லியிருந்தேனே, அது பொய். அன்று விழுந்ததுதான். மாமா வந்து பெயிண்டை ஆணியால் சுரண்டினான். உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. "ஏற்கெனவே ஒடிஞ்ச வண்டிக்கா. பத்தவச்சு, மேல பெயிண்ட அடிச்சு உன் தலையில கட்டிட்டான்" என்றான்.

அதனால் முதலில் அந்த இடத்தைப் பார். மேல்குழாயும் கீழ்க்குழாயும் முன்பக்கம் வந்து சேர்கிற மூட்டில், அடிப்பக்கமாக நகத்தை ஓட்டு. பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ, தலைமுடி மாதிரி கோடு ஓடியிருந்தாலோ, அந்த இடம் மட்டும் புது நிறமாக இருந்தாலோ, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. பக்கவாட்டில் நின்று, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் பார். எதிலாவது மோதிய வண்டி என்றால் ஃபோர்க் கால்கள் பின்னால் தள்ளி மடங்கியிருக்கும். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் காசு கொடுத்தால் மாற்றலாம். ஃபிரேம் போனால் வண்டியே போனது.

மாமா ஒரு வித்தை செய்வான், நீயும் செய்து பார். கீழே பார்க்கிங்கில் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்று. அதன்மேல் நேராக ஓட்டிக்கொண்டு போய், இறங்கித் திரும்பி வந்து தடத்தைப் பார். முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடமும் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் தண்டவாளம் மாதிரி தனித்தனியாகப் போனால், ஒன்று ஃபிரேம் கோணல், இல்லை சக்கரத்தைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது என்றால் ஸ்பேனர் வேலையோடு முடிந்துவிடும்.

அப்புறம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை பக்கத்தில் ஒரு தீக்குச்சியை அசையாமல் பிடி. ரிம் குச்சியைத் தொட்டும் தொடாமலும் ஆடினால் கோட்டம் இருக்கிறது. கம்பிகளை முறுக்கிப் பெண்டு எடுத்துவிடலாம், அதற்காக நல்ல வண்டியை விடாதே. ஆனால் பள்ளத்தில் இறங்கி ரிம்மே நசுங்கியிருந்தால் ரிம் மாற்ற வேண்டும், அந்தப் பணத்தை விலையில் கழித்துக் கேள். பின்னால் பல்சக்கரத்தின் பற்கள் முள் மாதிரிக் கூராகிப் போயிருக்கிறதா பார். போயிருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. புதுச் செயின் தேய்ந்த பல்லில் உட்காராது, அழுத்தி மிதிக்கும்போது நழுவும். சிக்னலில் கிளம்பும்போது நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். சீட் குழாய் மேலே கீழே நகர்கிறதா என்றும் பார்த்துவிடு. துருப்பிடித்து இறுகிப் போனதை உன் உயரத்துக்கு மாற்ற முடியாமல் காலம் முழுக்க முழங்கால் வலியோடு ஓட்டுவாய். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், அதுதான் கணக்கு.

கியரைப் பற்றி நான் என்ன சொல்ல. வேளச்சேரியிலிருந்து தரமணி வரை ஏறுவதற்கு மேம்பாலத்தைத் தவிர என்ன மேடு இருக்கிறது? இருபத்தொரு கியரில் நீ இரண்டைத்தான் தொடப் போகிறாய். உங்கள் ஊரில் மழை என்றால் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரும் மண்ணும் முதலில் போய் உட்காருவது பின்னால் தொங்குகிற அந்தக் கியர் சாமானில்தான். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் என்றால் அதுவும் வீண் பாரம். மிதிக்கிற மிதியில் கொஞ்சத்தை அது குதித்தே தின்றுவிடும். இருந்தாலும் வாங்காதே என்று சொல்லவில்லை. எல்லாக் கியரும் ஓடும்போது விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து வாங்கு.

இப்போது இங்கே நடக்கிற வேலையைச் சொல்கிறேன், சிரிக்காதே.

பச்சை வண்டி ஒடிந்த மறுநாள் உன் தாத்தா தன்னுடைய ஹெர்குலிஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சைக்கிள் கற்றபோது ஒரு வாரம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடாத மனுஷன் அவர். அம்பத்தூரில் செய்த வண்டி, கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம். நீ அதன் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்துதான் அங்கன்வாடிக்கு வந்தாய். பிறகு அதிலேயே குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டாய். பதினொன்றாம் வகுப்பில் உனக்கு அரசாங்க சைக்கிள் வந்தபிறகு, நானும் ஸ்கூட்டி வாங்கியபிறகு, அது மாட்டுக்கொட்டகைக்குப் போனது. பன்னிரண்டு வருஷம் வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச் சொல்லி இரண்டு பேருமாகப் பிரித்தோம். அவனுக்கும் கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. இப்போது கடையில் பைக் பஞ்சர்தானே ஓடுகிறது. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் கழலவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் மரக்கட்டையை அண்டைக் கொடுத்து அடித்தோம். அப்படியும் வளைந்துகொண்டதே ஒழிய வரவில்லை. கடைசியில் துளை போட்டுத்தான் எடுத்தான். சின்ன ஆப்பு அது. அது தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'டொக் டொக்' என்று பெடல் ஆடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வேலை முடிந்து வருவதை நீ தெருமுனையிலேயே கண்டுபிடிப்பாய்.

பின் சக்கரத்து பால்ரஸ்களை டிபன் மூடியில் கொட்டி மண்ணெண்ணெயில் அலசினேன். பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் பதினெட்டு. பதினேழுதான் இருந்தது. வாசல் முழுக்கத் தேடினோம். கோழி கொத்திப் போயிருக்கும் என்றார் அப்பா. மாமா எல்லாவற்றையும் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் குழி விழுந்திருச்சு, தேடாத" என்று மொத்தமாகவே புதுசு வாங்கி வந்தான். சக்கரத்தின் நடுவில் பால்ரஸ் உட்காரும் கிண்ணத்தில் கிரீஸை அப்பி, அதில் ஒவ்வொன்றாகப் பதித்து வைத்தால் கவிழ்த்தாலும் விழாது. அச்சை முறுக்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம். இறுக்கினால் சக்கரம் கரகரக்கும், தளர்த்தினால் ஆடும். நான்கு தடவை முறுக்கி அவிழ்த்தபிறகு, கையை எடுத்ததும் டியூபில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அதற்குள் அப்பா உதவி செய்கிறேன் என்று செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார். நீயும் அந்தத் தப்பைச் செய்யாதே. நாலு நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடு. உங்கள் பக்கம் கடல் காற்று வேறு, வாரம் ஒரு தடவையாவது செய்.

இந்த வண்டியை உனக்கு லாரி சர்வீஸில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் பிரிக்கவே ஆரம்பித்தேன். பாதி வேலையில் நீ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்த வண்டி இருபது கிலோவுக்குக் குறையாது. கீழே விட்டுவைத்தால் மழையில் நனையும், மேலே தூக்கினால் உன் இடுப்பு போகும். மாமாவும் "அக்கா, அது அங்க போய் என்ன செய்யும்" என்றான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் சொன்னதும் சரி. ஸ்கூட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நானே இதில் அங்கன்வாடிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் சைக்கிளை வேண்டாம் என்று சொல்லவில்லையே.

அதனால் நீ அந்த ஆளிடமே வாங்கு, நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தால். நாலாயிரம் என்றால் மூவாயிரத்தில் ஆரம்பி. புது வண்டியின் பில் வைத்திருந்தால் வாங்கிக்கொள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் தேதியும், பெடலுக்கு அடியில் ஃபிரேமில் குத்தியிருக்கும் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கு. நாளைக்குத் திருட்டு வண்டி என்று யாராவது வந்து நின்றால் பதில் சொல்ல ஏதாவது வேண்டும். பூட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே. பின் சக்கரத்தில் வளையப் பூட்டு ஒன்று, கம்பி கேட்டோடு சேர்த்துக் கட்ட சங்கிலி ஒன்று. வளையப் பூட்டை மட்டும் போட்டால் வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அட்வான்ஸ் எதுவும் கொடுப்பதற்கு முன்னால், அந்த முன்பக்க மூட்டைக் கிட்டேயிருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. அடிப்பக்கமும் தெரிய வேண்டும். மாமாவிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: தாத்தா வண்டியின் டைனமோ செத்துவிட்டது, எரிய வைக்க முடியவில்லை. நீ பின்னால் மாட்ட சிவப்பு விளக்கு வாங்குவாய் இல்லையா, இரண்டாக வாங்கு. பொங்கலுக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வா.